பாதியில் நிற்கும் நாவல்: முடிப்பதா, மூடி வைப்பதா?

கையில் எடுத்த நாவல் ஏமாற்றுகிறது. பாதியில் மூடிவிடலாமா, கடைசிப் பக்கம்வரை போக வேண்டுமா? வாசிப்புக்கு ஒரு வழிகாட்டி எழுதுகிறேன் என்று தெரிந்ததும் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்டது இதைத்தான். எதைப் படிப்பது, எங்கே வாங்குவது என்பதில் எல்லாம் ஒத்துப்போகிற வாசகர்கள் இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

மதுரை அவனியாபுரத்தில் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். விமான நிலையம் பக்கம் என்பதால் பேச்சுக்கு நடுவே விமானம் தாழப் பறந்து போகும். சத்தம் ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அங்கே இந்தக் கேள்வி வந்தபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் உறுதியாகச் சொன்னார்: "எடுத்த புஸ்தகத்தை முடிக்காம வைக்கிறது எனக்கு ஆகாது. எழுதுனவர் எத்தனை வருஷம் உக்காந்து எழுதியிருப்பாரு? நமக்குப் பத்து நாள் பொறுமை இல்லையா?"

வில்லாபுரத்திலிருந்து வருகிற, தையல் தொழில் பார்க்கும் ஒரு வாசகி உடனே மறுத்தார். "ஐயா, எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேலதான் புஸ்தகத்தையே தொட முடியும். அந்த ஒரு மணி நேரத்தையும் பிடிக்காத கதைக்குக் குடுத்துட்டா, பிடிச்சதை எப்பங்கய்யா படிக்கிறது?"

"கடைசி அம்பது பக்கத்துல மொத்தத்தையும் தூக்கி நிறுத்திப்புடுற நாவல் இருக்கும்மா."

"இருக்கலாங்கய்யா. அதுக்காக முன்னாடி நானூறு பக்கம் நான் கஷ்டப்படணுமா?"

நான் அந்த வாசகியின் பக்கம். உழைத்துக் களைத்த ஒருவர் தூக்கத்திலிருந்து பிடுங்கிப் படிக்கிற நேரம் அது. அதன்மேல் எந்த எழுத்தாளருக்கும் கட்டாய உரிமை கிடையாது. ஆனால் ஆசிரியரின் கட்சியிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு நாவலை நிறுத்த யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதை மோசமான நாவல் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டுமென்றால் முடித்திருக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் இனி வருவதெல்லாம் இந்த இரண்டையும் நடைமுறையில் எப்படிக் கடைப்பிடிப்பது என்பதுதான்.

மூடும்போது ஏன் மனம் உறுத்துகிறது

நம் வீடுகளில் புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சரஸ்வதி பூஜையன்று அடுக்கி வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். சுந்தர காண்டம் பாராயணம் தொடங்கினால் இடையில் விடாமல் பட்டாபிஷேகம் படித்துத்தான் நிறைவு செய்ய வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பாராயணத்துக்கு அது சரி. அங்கே முடிப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதி. அந்தக் கடமையை நாவல் மேலும் ஏற்றிவைத்ததில்தான் சிக்கல். இலையில் போட்டதை மிச்சம் வைக்காதே என்ற வளர்ப்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இலையில் மிஞ்சிய சோறு வீணாகிவிடும். மூடி வைத்த நாவல் கெடாமல் அப்படியே இருக்கும். வேறொருவர் படிக்கலாம், பத்து வருடம் கழித்து நீங்களே படிக்கலாம்.

தொடர்கதைக்கும் இதில் பங்குண்டு. தமிழ் நாவலின் பெரும்பகுதி பத்திரிகைகளில் வளர்ந்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரில் தொடங்கி 1954வரை வாரா வாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் அடுத்த இதழ்வரை நிம்மதியாக இருக்கவிடாத ஒரு முடிச்சு. வாரத்துக்குச் சில பக்கங்கள் என்பதால் நிறுத்துவதா என்று யோசிக்க வேண்டிய பாரமும் இல்லை. அந்தத் தொடர்களை இதழிலிருந்து பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகள் மதுரையில் ஏராளம். கடைசி அத்தியாயம் விட்டுப்போன பைண்டு கிடைத்து, யார் யாரை மணந்தார்கள் என்று தெரியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும். முடிவு கிடைக்காமல் ஏங்கிய அந்தத் தலைமுறைக்கு, முடிவு கையிலேயே இருந்தும் ஒருவர் வேண்டாம் என்று வைப்பது பெரிய ஊதாரித்தனமாகப் படுகிறது. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

இவை எல்லாவற்றையும்விட வலுவானது பணம். 1985இல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஓஹியோ பல்கலைக்கழக நாடக அரங்கில், அந்த ஆண்டின் நாடகங்களுக்கெல்லாம் சேர்த்துச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் சீட்டுக் கொடுத்தார்கள். யாருக்குத் தள்ளுபடி என்பதில் எந்த முன்தேர்வும் கிடையாது. பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடி பெற்றவர்களைவிட அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகங்கள் ஒன்றுதான், நடிகர்கள் ஒன்றுதான். கூடுதலாகக் கொடுத்த பணம் மட்டுமே அவர்களை அரங்குக்கு இழுத்து வந்தது.

தடித்த தமிழ் நாவலின் விலை இன்று எளிதாக ஐந்நூறு ரூபாயைத் தாண்டுகிறது. அந்த நாவல் பிடிக்காமல் போனால், பணம் போனது வாங்கிய அன்றே. முடித்தாலும் அது திரும்பி வராது. பணத்தோடு இரண்டு வாரத்து இரவுகளும் சேர்ந்து போகும். ஆகவே பணத்தைப் பற்றி வாங்குவதற்கு முன்பே கவலைப்பட்டுவிடுங்கள். தமுக்கத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் பின்னட்டை வாசகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பையில் போடாதீர்கள். முதல் நாலு பக்கத்தையும் நடுவில் ஏதாவது இரண்டு பக்கத்தையும் கடையிலேயே நின்று படியுங்கள். எந்தக் கடைக்காரரும் இதற்குக் கோபப்படுவதில்லை. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் அவனியாபுரத்துக்கு நகரின் மறுகோடியில் இருக்கிறது. இரண்டு பேருந்து மாறிப் போக நேரலாம். இருந்தாலும் ஒரு விடுமுறை நாளில் அங்கே போய் உட்கார்ந்து, வாங்க நினைக்கும் பெரிய நாவலில் ஐம்பது பக்கம் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்ல வழி. சிம்மக்கல்லில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினரானால் நாவலை வீட்டுக்கே எடுத்து வரலாம். பிடிக்கவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடலாம். அங்கே நஷ்டம் என்ற பேச்சே கிடையாது.

நூலக இயக்கத்தின் தந்தை என்று நாம் கொண்டாடும் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகர்களுக்காக அவர் எழுதியது. வாசகரும் தன் நேரத்தை அதே மரியாதையோடு நடத்தலாம் என்பது என் கருத்து. பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக் 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகள் உண்டு என்று பட்டியலிட்டார். புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமை அதில் மூன்றாவது. பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கட்டுரையாளர் மோந்தேன் ஒரு நூல் சலித்தால் வேறொன்றை எடுத்துக்கொள்வேன் என்று தன் கட்டுரையில் கூச்சமில்லாமல் எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் தனியாள் இல்லை.

மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியது

உரிமை இருக்கிறது என்பதற்காகப் பத்தாம் பக்கத்தில் மூடிவிடாதீர்கள். உங்களை நிறுத்துவது எது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கடினமான நூலும் சலிப்பான நூலும் கையில் இருக்கும்போது ஒரே மாதிரி கனக்கும். இரண்டையும் பிரித்தறியாததால்தான் நல்ல நாவல்கள் பல பாதியில் நிற்கின்றன.

நான் பயன்படுத்தும் சோதனை எளியது. படிக்கும்போது எரிச்சல் வருகிறதா, ஆவல் செத்துப்போகிறதா என்று பாருங்கள். கடினமான நாவலில் புரியவில்லையே என்ற எரிச்சல் வரும். இரண்டு பக்கம் பின்னே போய்த் திரும்பப் படிப்போம். சலிப்பான நாவலில் எல்லாமே புரியும். அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும் இருக்காது. எரிச்சலூட்டும் நாவலுக்கு இன்னும் ஐம்பது பக்கம் கொடுங்கள். ஆவலைக் கொன்ற நாவலுக்குக் கொடுக்க வேண்டாம்.

ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணியை எடுத்துக்கொள்வோம். சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இளமையில் இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்துத் திரும்பியவர். மதுரையில் தினத்தந்தியில் பணியாற்றிக்கொண்டு ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் நெடுங்காலம் தனியே வாழ்ந்தார். 1972இல் இந்த நாவல் வெளிவந்தது. மதுரை எழுத்தாளராயிற்றே என்று எடுக்கிற வாசகர், தொடக்கத்திலேயே இரண்டாம் உலகப் போர்க்கால மேடான் நகரத் தெருவில் போய் நிற்கிறார். ஜப்பானியப் படை ஊருக்குள் நுழைகிறது. மலாய்ச் சொற்களும் டச்சுத் தெருப்பெயர்களும் வட்டிக்கடைப் பேச்சும் விளக்கமில்லாமல் வந்து விழுகின்றன. முதல் ஐம்பது பக்கத்தில் நிறுத்தியவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். அதைத் தாண்டிப் போனவர்களுக்கு நாயகன் பாண்டியனின் நினைவில் சின்னமங்கலமும் பழைய மதுரையும் தெருத் தெருவாக விரியும். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு மாசி வீதிகளில் நடப்பதே வேறு அனுபவம். வெளிவந்த காலத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் கிடந்து, பிற்காலத்தில்தான் தமிழின் தலைசிறந்த நாவல்கள் வரிசையில் அது வைக்கப்பட்டது. சிங்காரம் இரண்டு நாவல்களோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டார். இப்படிப்பட்ட நூலைச் சலிப்பு என்று தவறாக நினைத்து மூடினால் இழப்பு நமக்குத்தான்.

எதிர்பார்ப்பு வேறாக இருந்து, நாவல் வேறு திசையில் போவதும் உண்டு. வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யர் எழுதிய கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895வரை விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. முற்பாதியில் சிறுகுளம் என்ற கிராமமும் அதன் வம்புப் பேச்சுகளும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரும் அத்தனை உயிரோடு இருப்பார்கள். பிற்பாதியில் கதை ஆன்மிகத் தேடலாக மாறிவிடுகிறது. இந்தத் திருப்பத்தைப் பற்றி விமர்சகர்கள் நெடுங்காலமாக வாதாடுகிறார்கள். கதை இங்கே குலைந்துவிட்டது என்பவர்கள் உண்டு. ராஜமய்யர் எழுத வந்ததே இதைத்தான் என்பவர்களும் உண்டு. அவர் பின்னாளில் பிரபுத்த பாரதம் இதழின் ஆசிரியராகி, வேதாந்தத்தில் தோய்ந்து, 1898இல் 26 வயதில் மறைந்தவர் என்று தெரிந்துகொண்டு படித்தால் பிற்பாதி திடீரென்று வந்ததாகத் தோன்றாது. நாவல் நடுவில் திசை மாறினால், மூடுவதற்கு முன் ஆசிரியரைப் பற்றி ஒரு பக்கமாவது படித்துவிடுங்கள். அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் தாராளமாக மூடலாம். முற்பாதி கொடுத்த மகிழ்ச்சி உங்களோடு இருக்கும்.

நேரமும் இடமும் கெடுத்த நாவல்களும் இருக்கின்றன. தை முதல் நாள் எங்கள் ஊரில் ஜல்லிக்கட்டு. அதற்கு முந்தைய நாட்களில் தடுப்புக் கட்டுகிற சத்தமும் வீட்டுக்கு வரும் உறவினர்களும் காளைகளைப் பற்றிய பேச்சுமாக ஊரே வேறு நினைப்பில் இருக்கும். நண்பர் ஒருவர் அப்படியொரு வாரத்தில் ஜெயமோகனின் விஷ்ணுபுரத்தைத் தொடங்கி, மண்டையில் ஏறவில்லை என்று வைத்துவிட்டார். 1997இல் வந்த அந்த நாவல் மூன்று பெரும் பகுதிகள் கொண்டது. நடுப்பகுதியில் தத்துவ விவாதங்கள் பக்கம் பக்கமாக நீளும். பேருந்திலும் கல்யாண வீட்டிலும் படிக்க முடியாத புத்தகம். கோடை விடுமுறையில் அவரே மறுபடி எடுத்து முழுதாகப் படித்தார். ஆகவே துக்கம், தேர்வு, விசேஷம், உடல்நலக் குறைவு இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு நடுவில் இருந்தால், அந்த நாவலைப் பற்றி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். தேதி போட்டு எடுத்து வையுங்கள்.

வயதும் அப்படித்தான். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலரைப் பதினெட்டு வயதில் படித்து அரவிந்தனுக்கும் பூரணிக்கும் கண்ணீர் விட்டவர்கள் மதுரையில் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். அந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைத்தவர்கள் உண்டு. நாற்பது வயதில் முதல்முறை எடுப்பவருக்கு அதன் லட்சிய உரைகள் நீளமாகத் தோன்றலாம். அம்மா சொன்னார்களே என்று படிக்கத் தொடங்கி முடிக்க முடியாமல் தவிக்கும் மகள்களுக்குச் சொல்கிறேன்: அம்மாவிடம் அந்த நாவலைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள், அது போதும்.

மொழிபெயர்ப்பு நாவல் என்றால் பெயர்களே பாதிப் பேரை விரட்டிவிடும். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் போரும் வாழ்வும் நாவலைத் தொடங்கும்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் பாத்திரங்களின் பெயரையும் உறவையும் எழுதி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சிறிய வேலை நூறு பக்கத் தவிப்பை நீக்கிவிடும்.

எத்தனை பக்கம் பொறுக்கலாம்

சியாட்டில் நகர நூலகராக இருந்த நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொன்னார். எந்த நூலுக்கும் 50 பக்கம் கொடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்துக்கொண்டு அத்தனை பக்கம் மட்டும் படித்தால் போதும். அறுபத்திரண்டு வயதானவருக்கு 38 பக்கம். எங்கள் தமிழாசிரியர் இதைக் கேட்டு மனம் விட்டுச் சிரித்தார், ஏற்றுக்கொள்ளவில்லை.

இந்தக் கணக்கு சராசரி அளவுள்ள நாவலுக்குப் பொருந்தும். தமிழில் இரண்டு கோடியிலும் நாவல்கள் உண்டு. ஜி. நாகராஜனின் நாளை மற்றுமொரு நாளே ஒரு மனிதனின் ஒரு நாள் வாழ்க்கை. ஒரே மாலையில் படித்துவிடக்கூடிய சிறிய நாவல். அந்த அளவு நூலில் ஐம்பது பக்கம் வந்தவர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருப்பார், முடித்துவிடுவதே நல்லது. ஆயிரம் பக்க நாவலுக்கு ஐம்பது பக்கம் வாசலில் எட்டிப் பார்ப்பதற்கே காணாது. பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு அத்தியாயம் முடியும் இடமாகப் பார்த்து.

மதுரைக்கு உரிய வழக்கு

இந்தக் கேள்வி மதுரையில் ஒரு புத்தகத்தைச் சுற்றி நிஜமாகவே பெரிதாக எழுந்தது. சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் 2008இல் தமிழினி வெளியீடாக வந்தது. அவருடைய முதல் நாவல். ஆயிரம் பக்கத்துக்கு மேல். மாலிக் காபூரின் படையெடுப்பில் தொடங்கி, விஜயநகரம், நாயக்கர் ஆட்சி, கும்பினி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று ஏறக்குறைய அறுநூறு ஆண்டு நீள்கிறது. தாதனூர் என்ற கிராமமும் அதன் மக்களின் களவும் காவலும் நாவலின் உயிர்.

நாவல் வந்ததும் தமிழ் எழுத்தாளர்கள் எதிரெதிராக நின்றார்கள். எஸ். ராமகிருஷ்ணன் மிகக் கடுமையாக மறுத்து எழுதினார். ஜெயமோகன் விரிவாக எழுதி வரவேற்றார். 2011இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது வாதம் மறுபடி கிளம்பியது. 2012இல் அந்த நாவலின் ஒரு பகுதியிலிருந்து வசந்தபாலனின் அரவான் படம் வந்ததும், அதுவரை நாவல் பக்கம் போகாதவர்களும் வாங்கினார்கள். வாங்கியவர்களில் முடிக்காதவர்கள் நிறையப் பேர்.

எங்கள் மாடியில் இது பல மாலைகளை எடுத்துக்கொண்டது. முதல் இருநூறு பக்கத்தில் மன்னர்களும் படைகளும் பெயர்களும் குவிகின்றன, யாரைப் பிடித்துக்கொண்டு நடப்பது என்றே தெரியவில்லை என்று நிறுத்தியவர்கள் சொன்னார்கள். அது நியாயமான குறை. முடித்தவர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதுரைக் கோட்டை இடிக்கப்பட்ட கதை வருகிற இடத்தில் தாங்கள் தினமும் கடக்கும் தெருக்களின் வரலாறே திறந்துகொண்டது என்றார்கள். அகழி தூர்க்கப்பட்டு உருவான பெருமாள் மேஸ்திரி வீதியிலும் மாரட் வீதியிலும் பொருள் வாங்கப் போகிறோம். அந்தப் பெயர்கள் கோட்டையை இடித்த காலத்து மனிதர்களுடையவை என்பது பலருக்கு நாவலைப் படித்த பிறகே உறைத்தது. தாதனூர்க்காரர்கள் இருட்டில் கன்னமிடப் போகும் பக்கங்களைப் பற்றிப் பேசும்போது முடித்தவர்களின் குரலே மாறிவிடும்.

நிறுத்தியவர்கள் செய்தது தவறில்லை. ஆனால் அவர்களில் சிலர் அந்த நாவல் வெறும் தகவல் மூட்டை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்கள். அவர்கள் படித்தது முதல் இருநூறு பக்கம். தாதனூரின் பெரும்பகுதி அதற்குப் பிறகு. எனக்குப் பிடிக்கவில்லை, இருநூறில் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் கேட்பவருக்கு உதவியாக இருந்திருக்கும். ராமகிருஷ்ணனும் ஜெயமோகனும் ஆயிரம் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வாதாடினார்கள். அதனால்தான் எதிரும் புதிருமான அந்த இரண்டு கருத்துகளும் இன்றுவரை பேசப்படுகின்றன. இந்த நாவலைத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: முற்பகுதி கனத்தால், பெயர்களை மனப்பாடம் செய்ய முயலாமல் வேகமாகக் கடந்து தாதனூருக்குப் போய்விடுங்கள். அங்கேயும் பிடிக்கவில்லை என்றால் மூடுங்கள்.

தாண்டிப் படிப்பது, முடிவை முதலில் படிப்பது

கடந்து போவது குற்றமா என்று கேட்பார்கள். மூடுவதற்கும் முடிப்பதற்கும் நடுவில் இருக்கிற நல்ல வழி அது. நீண்ட வர்ணனையை விரைவாகப் புரட்டலாம். ஒரு கிளைக்கதை பிடிக்கவில்லையா, அந்த அத்தியாயத்தின் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் படித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். உரையாடலை மட்டும் தாண்டாதீர்கள். கதை பெரும்பாலும் அதில்தான் நகரும்.

துப்பறியும் கதையில் மட்டும் இது பலிக்காது. ராஜேஷ்குமாரின் மாத நாவல் ஒன்றில் பாதி தாண்டிச் சலித்தாலும், கொலை செய்தவர் யார் என்று தெரியாமல் தூக்கம் வராது. அப்படியானால் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக வையுங்கள். எங்கள் குழுவில் கல்லூரி முடித்த ஒரு தம்பி எந்த நாவலையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவார். முடிவு தெரிந்த பிறகும் படிக்கத் தோன்றுகிறதா என்பது அவருக்கு உரைகல். எல்லோருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் பாதியில் தடுமாறி நிற்கும்போது இது உதவும். முடிவைப் படித்துப் பாருங்கள். இவர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தார்கள் என்ற ஆவல் பிறந்தால் திரும்பிப் போகலாம். பிறக்கவில்லை என்றால் உங்கள் முடிவு சரி.

கட்டாயம் முடிக்க வேண்டிய இடங்களும் இருக்கின்றன. மதிப்புரை எழுத ஒப்புக்கொண்டிருந்தால், கூட்டத்தில் பேச அழைக்கப்பட்டிருந்தால், பரிசுத் தேர்வில் இருந்தால், மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதாக இருந்தால் ஒரு பக்கம்கூட விடக் கூடாது. அங்கே வேறொருவரின் உழைப்பு உங்கள் சொல்லை நம்பி இருக்கிறது. நண்பர் எழுதிய நாவலும் இந்தக் கணக்கில்தான் வரும்; முடிக்காமல் நன்றாக இருக்கிறது என்று சொல்வதைவிட, இன்னும் முடிக்கவில்லை என்று உண்மையைச் சொல்வது அவருக்குச் செய்யும் மரியாதை.

மூடிய பிறகு

மூடுவது என்று முடிவு செய்துவிட்டால் அதை ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரு துண்டுத் தாளில் நிறுத்திய பக்கம், தேதி, நிறுத்திய காரணம் இவற்றை ஒரே வரியில் எழுதிப் புத்தகத்துக்குள் வையுங்கள். சில வருடங்களில் இந்தத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ரசனை எங்கே முரண்டு பிடிக்கிறது என்பது தெரியும். அடுத்த புத்தகத் திருவிழாவில் அது நல்ல துணை. பாதியில் நிற்கும் நாவல்கள் ஒரே நேரத்தில் நாலைந்து கட்டிலருகே கிடந்தால் புதிதாக எதையும் தொடங்க மனம் வராது. அவற்றைக் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

பிறகு படிப்பேன் என்று உண்மையாகவே தோன்றுகிற நாவலை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை யாருக்குப் பிடிக்கும் என்று யோசித்துக் கொடுங்கள். வில்லாபுரத்து வாசகி மூடிய ஒரு நாவலை எங்கள் தமிழாசிரியர் வாங்கிப் போய் முடித்து, அதில் தனக்குப் பிடித்ததைச் சொல்லி ஒரு மாலை முழுவதும் பேசினார். அந்த வாசகி மனம் மாறவில்லை. இருந்தாலும் அந்தப் பேச்சைக் கேட்ட இன்னும் இரண்டு பேர் அந்த நாவலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நூலகத்திலிருந்து எடுத்த நாவலாக இருந்தால் ஒரு வேண்டுகோள். படிக்கப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் தவணை முடியும்வரை அதை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். பல கிளை நூலகங்களில் ஒரு நாவலுக்கு ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். உங்களுக்குப் பிடிக்காத அந்தப் பிரதிக்காக வேறொரு வாசகர் காத்திருக்கலாம். நாளைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.